உப்புத் தண்ணீர் யாருடைய யோசனை

1

போன மாதம் எனக்கு ஒரு பரிசு கொடுத்தார்கள். பம்பாய்க்கு வந்து முப்பது வருஷம் ஆகிறது. இதுவரை இந்த ஊர் எனக்குக் கொடுத்ததெல்லாம் நோட்டீஸ்தான். புகைக்கு ஒரு நோட்டீஸ், சாக்கடைக்கு ஒரு நோட்டீஸ், கூடுதல் மின்சாரம் கேட்டு எழுதிய மனுவுக்குப் பதிலாக இன்னொரு நோட்டீஸ். எல்லாம் மராத்தியில் வரும். பக்கத்துக் கடை ஷிண்டே மாமாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தால் அவர் கண்ணாடி போட்டுப் படித்துவிட்டு, "ஒன்றுமில்லை, பயமுறுத்துகிறான்" என்று இந்தியில் சொல்வார். அப்படிப்பட்ட ஊர் திடீரென்று என்னை மேடைக்குக் கூப்பிட்டு, மாலை போட்டு, ஒரு கண்ணாடிக் கேடயத்தைக் கையில் திணித்தது. சிறுதொழிலில் தொழில்நுட்பப் புதுமை செய்தவனாம் நான்.

செய்தி எப்படியோ ஊருக்குப் போய்விட்டது. நம் ஊர்ப் பத்திரிகை ஆசிரியர் எழுதியிருந்தார்: "வெளியூர் போய் ஜெயித்திருக்கிறீர்கள். உங்களைப் போன்ற சிறிய முதலாளியைப் புதுமை செய்யத் தூண்டுவது எது என்று நம் பிள்ளைகளுக்கு எழுதுங்கள், ஊக்கமாக இருக்கும்." எழுதுகிறேன். ஊக்கத்துக்கு நான் பொறுப்பில்லை.

2

என் தொழில் என்னவென்று ஊரில் யாரிடமும் ஒழுங்காகச் சொன்னதில்லை. சொந்தக்காரர்கள் கல்யாணப் பத்திரிகையில் என் பெயருக்குக் கீழே "பிளாஸ்டிக் இண்டஸ்ட்ரி, மும்பை" என்று போடுவார்கள். நானும் திருத்தியதில்லை. உண்மையில் தாராவி பதிமூன்றாம் காம்பவுண்டில் பன்னிரண்டுக்கு இருபது அடியில் ஒரு பட்டறை, அதற்கு மேலே ஒரு தகர மாடி, இவ்வளவுதான் என் இண்டஸ்ட்ரி. நகரம் தூக்கி எறிந்த டிவி உடம்பு, மிக்சி மூடி, பொம்மை, வண்டி பம்பர் எல்லாம் பங்கார் என்ற பெயரில் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். அதை ரகம் பிரித்து, அரைத்து, கழுவி, மாடியில் காயவைத்து, உருக்கிக் குருணையாக்கி விற்கிறோம். குருணைக்கு இங்கே தானா என்று பெயர். உங்கள் வீட்டு மிக்சி போன பிறவியில் என் பட்டறையில் தானாவாகக் கிடந்திருக்கலாம்.

இதில் எல்லாமே ரகம் பிரிப்பதில்தான் இருக்கிறது. கண்ணால் பார்த்தால் எல்லா பிளாஸ்டிக்கும் ஒன்றுபோல இருக்கும். மிக்சி உடம்பு செய்கிற ஏபிஎஸ் மூட்டையில், தண்ணீர்க் குழாய் செய்கிற பிவிசி ஒரு பிடி கலந்துவிட்டால் போதும், உருக்கும்போது கருகி, மொத்தச் சரக்கும் கரும்புள்ளியாகிவிடும். ரகத்தைக் கண்டுபிடிக்கத் தாராவியில் எல்லாரிடமும் இருக்கிற கருவி மூக்கு. துண்டின் ஓரத்தை லைட்டரில் பற்றவைத்து, ஊதி அணைத்து, புகையை முகர வேண்டும். மெழுகுவத்தி வாசனை வந்தால் வாளியும் குடமும் செய்கிற ரகம். முடி கருகிய நாற்றம் என்றால் நைலான். மிளகாய் கமறினது போல மூக்கில் ஏறினால் பிவிசி. காலை ஒன்பது மணியிலிருந்து சாயங்காலம் வரை இதுதான் வேலை.

செல்லத்தாய் அக்கா என் பட்டறையில் இருபது வருஷம் இந்த வேலையைச் செய்தவள். தூத்துக்குடிப் பக்கம் உப்பளத்தில் வேலை பார்த்து வளர்ந்தவள், புருஷனோடு பம்பாய்க்கு வந்தவள், புருஷன் போன பிறகு என்னிடம் வந்து சேர்ந்தவள். எனக்குச் சொந்தமில்லை. நான் அக்கா என்பேன், அவள் தம்பி என்பாள். அவள் மூக்கு சொன்னால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது. மற்றப் பட்டறைக்காரர்கள் சந்தேகமான துண்டைக் காகிதத்தில் பொதிந்து எடுத்துக்கொண்டு அவளிடம் வருவார்கள். அவள் ஒரு தடவை முகர்ந்துவிட்டுச் சொல்வாள், அவர்கள் நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள். எனக்குப் பெருமையாக இருக்கும், ஏதோ அந்த மூக்கை நானே செய்து மாட்டிவிட்டவன் மாதிரி.

3

பல வருஷத்துக்கு முன்பு ஒரு நாள், கழுவுகிற இடத்திலிருந்து அக்கா கூப்பிட்டாள்.

"தம்பி, இந்த டிரம்முல பாத்தியளா? சில்லு சிலது மெதக்குது, சிலது அமுங்குது."

"ஆமாக்கா. அதுக்கென்ன?"

"தண்ணியில உப்பக் கூட்டிக்கிட்டே போனா, அமுங்குனதுலயும் கொஞ்சம் மேல வரும்லா. அளத்துல தண்ணி முத்துனா மனுசனே மெதப்பான். எல்லாத்தையும் மொத்தமா அரச்சிட்டு, மொத நல்ல தண்ணியில ஒரு தடவ, பொறவு உப்புத் தண்ணியில ஒரு தடவ போட்டம்னா அதுவே தனித்தனியா பிரிஞ்சிரும். என் மூக்க எதுக்குப் போட்டுக் கொல்லுதிய?"

நான் சிரித்தேன். "நீங்க இருக்கையில எனக்கு எதுக்குக்கா உப்புத் தண்ணி? மிசினு துருப்பிடிச்சிப் போவும்" என்றேன். பாராட்டுகிறோம் என்ற நினைப்பில்தான் சொன்னேன். அவளும் சிரித்துவிட்டு அடுத்த துண்டைப் பற்றவைத்தாள்.

ஆசிரியர் கேட்ட கேள்விக்கு இங்கேயே பாதி பதில் இருக்கிறது. யோசனை என் முன்னால் கிடந்தது. உப்பு மளிகைக் கடையில் கிடைக்கும். டிரம் பங்காரிலேயே வரும். படித்த இன்ஜினியர் தேவையில்லை, அரசாங்கத்திடம் கைநீட்ட வேண்டியதில்லை. இருந்தும் நான் செய்யவில்லை. ஏன் செய்ய வேண்டும்? மூக்குக்கு மின்சாரம் வேண்டாம், ரிப்பேர் கிடையாது, இடம் அடைக்காது. பழுதானாலும் கஷ்டம் எனக்கில்லை. புகை போக ஒரு எக்ஸ்ஹாஸ்ட் விசிறி வையுங்கள் என்று அவள் கேட்டதையும் இப்படித்தான் தள்ளிப் போட்டேன். தாராவியை இடித்துக் கட்டப்போவதாகச் சர்வேக்காரர்கள் வந்து வாசல் சுவரில் நம்பர் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள், எப்போது இடிப்பார்களோ, இந்த நேரத்தில் யார் சுவரில் ஓட்டை போடுவது என்று காரணம் சொன்னேன். அந்த நம்பரை நான் பல வருஷம் காரணமாகவே வைத்துப் பிழைத்தேன். சுண்ணாம்பு அடித்தபோதுகூட அது அழியாமல் பார்த்துக்கொண்டேன்.

4

கொரோனா வந்தது, ஊரடங்கு வந்தது, பட்டறை மூடியது, மறுபடி திறந்தது. அக்காவுக்கும் காய்ச்சல் வந்து போயிருந்தது. திரும்பி வந்து பழைய இடத்தில் உட்கார்ந்தாள். எப்போதும்போல லைட்டர், புகை, மூட்டை. இரண்டு மாதம் கழித்து, மிக்சி உடம்பு செய்கிற வாடிக்கையாளர் ஒரு லோடு தானாவைத் திருப்பி அனுப்பினார். கரும்புள்ளி. அடுத்த லோடும் திரும்பியது. மூன்றாவது தடவை இப்படி நடந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வேன் என்று போனில் சொன்னார். என் சரக்கில் பாதி அவருக்குத்தான் போகிறது. நான் மெஷினைச் சந்தேகப்பட்டேன், அரைக்கிற ஆளைத் திட்டினேன், சரக்கு கொண்டுவந்த சேட்டோடு சண்டை போட்டேன். அக்காவைச் சந்தேகப்படத் தோன்றவே இல்லை.

மே மாத வெயில். மத்தியானம் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தோம். அக்கா தூக்குச்சட்டியைத் திறந்தாள். முந்தின நாள் சாம்பார் போல, ஊசிப்போயிருந்தது. எதிரே உட்கார்ந்திருந்த எனக்கே குமட்டியது. மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு அவளைப் பார்த்தார்கள். அவள் சோற்றைப் பிசைந்து ஒரு கவளம் வாயில் வைத்து மென்றாள். இரண்டாவது கவளத்தில் புளிப்பு நாக்குக்குத் தெரிந்திருக்க வேண்டும். தலையை நிமிர்த்தி எல்லார் முகத்தையும் பார்த்தாள். அப்போது அவள் முகம் போன போக்கை நான் விவரிக்கப்போவதில்லை.

அதோடு விட்டிருக்கலாம். நான் விடவில்லை. எழுந்து போய் ஒரு பிவிசி துண்டை எடுத்து, பற்றவைத்து அணைத்து, எல்லார் முன்னாலும் அவள் மூக்குக்கு நேரே நீட்டினேன்.

"இது என்னதுக்கா?"

அவள் துண்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "ஏபிஎஸ்" என்றாள்.

கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குப் புகை கமறிக்கொண்டிருந்தது. "காச்சல்ல போனது தம்பி. வந்துரும் வந்துரும்னு இருந்தேன். சொன்னா வேல போயிருமேன்னு சொல்லல" என்றாள். அவளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்க முடியாதா? முடியும். இரண்டு லோடு திரும்பி வந்த ஆத்திரத்தில் அன்று எனக்கு மனுஷத்தன்மை இல்லாமல் போயிற்று.

5

அன்று சாயங்காலமே உப்புத் தண்ணீர் ஞாபகத்துக்கு வந்தது. பல வருஷம் தோன்றாத அவசரம், வாடிக்கையாளர் போய்விடுவார் என்றதும் ஒரே நாளில் தோன்றியது. பெரிய டிரம் இரண்டை நெடுக்கில் அறுத்துத் தொட்டியாக்கினோம். ஒன்றில் நல்ல தண்ணீர், இன்னொன்றில் உப்புத் தண்ணீர். உப்பு எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. அக்காதான் விரலை முக்கி நாக்கில் வைத்துப் பார்த்து, "இன்னும் ரெண்டு கை போடுங்க" என்பாள். "மூக்குதான் போச்சு. உப்பு நல்லாவே தெரியுது" என்று சொல்லிச் சிரித்தாள். இரண்டு வாரம் அவள் நாக்கை நம்பித்தான் தொட்டி ஓடியது. ஏபிஎஸ் மேலே வந்து மிதந்தது, பிவிசி கல்லுப்போல அடியில் கிடந்தது. அரிப்புச் சல்லடை வைத்து அள்ளினால் போதும். சரக்கு சுத்தமாகப் போயிற்று. வாடிக்கையாளர் போன் செய்து, என்ன மந்திரம் போட்டாய் என்று கேட்டார்.

பிறகு பேட்டரிக்காரர்கள் ஆசிட் பார்க்கிற கண்ணாடிக் குழாய் ஒன்று வாங்கினேன். தண்ணீரில் போட்டால் அதுவே உப்பின் அளவைக் காட்டும். வாங்கியபோது யாரையும் வெளியேற்றுகிறோம் என்ற எண்ணமே இல்லை. கருவி துல்லியமாக இருக்கும் என்றுதான் வாங்கினேன். ஆனால் முதலில் தொட்டி அவள் மூக்கின் வேலையை எடுத்துக்கொண்டது, பிறகு குழாய் அவள் நாக்கின் வேலையை எடுத்துக்கொண்டது. தொட்டிகள் இரண்டும் இருந்த இடமோ, பன்னிரண்டுக்கு இருபதில் வேறு எங்கே கிடைக்கும், அவள் இருபது வருஷம் உட்கார்ந்திருந்த மூலைதான்.

போ என்று நான் சொல்லவில்லை. சில நாள் வந்தாள். வாசலோரம் பலகை போட்டு உட்கார்ந்து, செய்ய வேலை இல்லாமல் சாக்கை மடித்து மடித்து வைத்தாள். ஒரு திங்கட்கிழமை வரவில்லை. ஆள் அனுப்பிக் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். ஒரு வாரம் போயிற்று, பிறகு ஒரு மாதம். கேட்காமல் இருப்பது எனக்கு வசதியாக இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

தொட்டியை மூன்று மாதத்தில் அக்கம்பக்கம் எல்லாரும் காப்பியடித்தார்கள். சுவர் ஒரு செங்கல் கனம்தான், அதற்கு மேல் இங்கே ரகசியம் தாங்காது. அவர்கள் ஏன் செய்தார்கள் என்று கேட்டால், பக்கத்துக்காரன் செய்துவிட்டான் என்பதுதான் பதில்.

6

நாங்கள் இப்போது நவி மும்பையில், நெருளில் இருக்கிறோம். பிளாட், லிப்ட், கீழே தமிழ்க் கோயில். நான் தினமும் ரயில் ஏறி, குர்லாவில் மாறி, சயானில் இறங்கித் தாராவிக்கு நடக்கிறேன். மகள் நிவேதா எதிர்த்திசையில் ஐரோலிக்குப் போகிறாள், கம்ப்யூட்டர் வேலை. தாராவி அவளுக்கு அப்பாவின் சட்டையில் வருகிற வாசனை மட்டும்தான். தமிழ் பேசுவாள். படிக்க வராது. பஸ் போர்டைக்கூட எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள்.

பரிசுக்கான விண்ணப்பத்தை அவள்தான் கம்ப்யூட்டரில் நிரப்பினாள். சிறுதொழில் பதிவு எண், மாசு அனுமதி எண், என்னென்னவோ எண். கடைசியில் ஒரு கேள்வி: இந்தப் புதுமைக்கு உங்களைத் தூண்டியது எது? போட்டி, வாடிக்கையாளர் தேவை, அரசு உதவி, உரிமையாளரின் தொலைநோக்கு என்று நான்கு கட்டம்.

"அப்பா, இதுல எது போடட்டும்?"

"செல்லத்தாய் அக்காவுக்கு மூக்கு போச்சு. அதான் காரணம்."

"அப்பா, ப்ளீஸ், சீரியஸா சொல்லுங்க."

"சீரியஸாத்தாம்மா சொல்றேன்."

"அதெல்லாம் எழுதினா ஹெல்த் ப்ராப்ளம், லேபர் ப்ராப்ளம்னு வரும்ப்பா. சோடோ நா, விடுங்க." அவளே தொலைநோக்கு என்ற கட்டத்தில் டிக் போட்டாள். பிறகு, "இன்னோவேட்டர் பேரு. உங்க பேருதானே?" என்று கேட்டாள்.

"ம்" என்றேன். அந்த ஒரு எழுத்தில் முடிந்தது காரியம்.

விழா ஐரோலியில் ஏசி ஹாலில் நடந்தது. கோட் போட்ட ஒருவர், புதுமை என்பது உள்ளே எரிகிற நெருப்பு என்றார். எங்கள் பட்டறையில் வெளியே எரிகிற நெருப்புதான் உண்டு, அதை முகர்ந்து பார்க்க ஆள் வைத்திருந்தோம் என்று சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை. மகள் எழுதிக் கொடுத்த இந்தியை ஒப்பித்தேன். கைதட்டினார்கள். உட்காரப் போனபோது ஒரு மாணவி எழுந்து, "உப்புத் தண்ணீர் யோசனை உங்களுக்கு எப்படி வந்தது?" என்று கேட்டாள். நல்ல பெண். உண்மையாகத் தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

சொல்வதற்குக் கிடைத்த இடம் அது. ஒரு பெயர், ஒரு வாக்கியம். என் வாய் வேறொன்றைச் சொன்னது. "நான் கடலோரத்துக்காரன். சின்ன வயதில் உப்பளத்தில் வேலை செய்திருக்கிறேன். உப்பு காலை அறுத்து அறுத்துப் புண்ணாக்கும், அந்தப் புண்ணோடு மறுநாளும் உப்பில் இறங்கி நிற்போம். அங்கே படித்ததுதான்" என்றேன்.

நான் கடலே இல்லாத சுரண்டைக்காரன். பம்பாய்க்கு வந்த பிறகு மாஹிமில்தான் முதன்முதலில் கடலைப் பார்த்தேன். கால் புண் அக்காவுடையது, கடைசி நாட்களில் சாக்கு மடித்துக்கொண்டே சொன்னது. ஹால் முழுக்க எழுந்து நின்று தட்டியது அந்தப் புண்ணுக்குத்தான்.

திரும்பி வரும் ரயிலில் நிவேதா என் கையைப் பிடித்துக்கொண்டாள். சின்னப் பிள்ளையாக இருந்தபோது பிடித்தது, அதற்குப் பிறகு இப்போதுதான்.

"அப்பா, உப்பளத்துல வேலை பாத்ததா எங்கிட்ட சொல்லவே இல்லியே. கால்ல புண்ணோட... ஏம்ப்பா சொல்லல?"

"என்னத்த சொல்ல."

"அடுத்த லீவுல போலாம்ப்பா. எனக்கு அந்த இடத்தக் காட்டுங்க."

எத்தனை வருஷம் ஊருக்குக் கூப்பிட்டிருக்கிறேன். கோயில் கொடைக்கு வா, கல்யாணத்துக்கு வா என்று கெஞ்சியிருக்கிறேன். நெட்வொர்க் இல்லை, போர் அடிக்கும் என்பாள். என் பிழைப்பைப் பற்றி முதல் தடவையாக அவளுக்கு ஒரு கேள்வி வந்தது, அதுவும் நான் திருடிக்கொண்டு வந்த கதையைப் பற்றி. சரிம்மா, போகலாம் என்றேன்.

7

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டைத் தேடிப் போனேன். தாராவியில் தொண்ணூறடி ரோட்டிலிருந்து உள்ளே போகிற சந்தில் பழைய அறைதான். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது, அதை என்னால் தாங்க முடியவில்லை. டீ போட்டுக் கொடுத்தாள்.

"இப்ப எங்கக்கா வேல?"

"குர்லாவுல. இதே பிரிக்கிற வேலதான்."

"மூக்கு வந்துட்டா?"

"எங்க வர." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "பக்கத்துல ஒரு பிள்ள உக்காந்திருக்கா, பீகார்க்காரி. நான் கொளுத்தி அவ பக்கமா ஊதிவிடுவேன். பிவிசின்னா மூஞ்சி கோணும். நைலான்னா முந்தானையத் தூக்கி மூக்குல வப்பா. மெழுகு ரகம்னா மூஞ்சியில ஒண்ணுமே இருக்காது. அவ மூஞ்சியப் பாத்துப் பாத்து மூட்டையில போட்டுருவேன். இதுவரைக்கும் ஒண்ணும் தப்பல."

அந்த விண்ணப்பத்தில் இருந்த நான்கு கட்டத்தில் இதை எந்தக் கட்டத்தில் போடுவது? பரிசு கொடுக்க வேண்டுமென்றால் இதற்கல்லவா கொடுக்க வேண்டும். பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். சின்ன முதலாளி சும்மா கிடைக்கிறது தீரும்வரை எதையும் மாற்ற மாட்டான். அவனிடம் வேலை பார்க்கிறவளுக்கு நாளைக்குச் சோறு வேண்டும், அதனால் அவள் இன்றைக்கே மாற்றியாக வேண்டும்.

மேடையில் நடந்ததைச் சொன்னேன். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கால் புண்ணையுமா சொன்னிய?"

"ஆமாக்கா."

தன் டம்ளரை எடுத்து டீயை ஒரு மடக்கு குடித்தாள். "சரி. சொல்லியாச்சு" என்றாள்.

"நம்ம ஊர்ப் பத்திரிகையில உண்மைய எழுதப்போறேன்க்கா. உங்க பேரப் போட்டு, யோசனை உங்களதுன்னு."

அவள் பதறிப்போனாள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "வேண்டாம் தம்பி. அந்தப் பட்டறை மேஸ்திரி நம்ம பக்கத்து ஆளு. தமிழ் படிக்கத் தெரிஞ்சவரு. எனக்கு மூக்கு இல்லன்னு தெரிஞ்சா அன்னைக்கே எந்திரிச்சுப் போன்னுருவாரு. உங்களக் கும்பிட்டுக் கேக்கேன், எம் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுராதிய."

ஆகவே மேலே நான் எழுதியிருக்கும் பெயர் அவளுடையது அல்ல. குர்லாவும் குர்லா அல்ல, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் பீகார்க்காரியும் அல்ல, ஊர்களையும் பரிசின் விவரத்தையும்கூட மாற்றியிருக்கிறேன். என் பெயரைப் போட வேண்டாம் என்று ஆசிரியருக்கு எழுதிவிட்டேன். உப்புத் தொட்டி இப்போது தாராவியில் பல பட்டறைகளில் இருக்கிறது, எது என்று யாரும் தேட முடியாது. நிவேதா இதைப் படிக்கப்போவதில்லை, அந்த ஹாலில் இருந்த ஒருவரும் படிக்கப்போவதில்லை. படிக்கக்கூடிய ஒரே ஆள் அந்த மேஸ்திரி, அவரிடமிருந்துதான் அவளை மறைக்க வேண்டியிருக்கிறது. முதல் தடவை, விண்ணப்பத்திலும் மேடையிலும், அவள் பெயரை நானாக விழுங்கினேன். இரண்டாவது தடவை, போட்டுவிடாதே என்று அவளே என் கையைப் பிடித்துக் கெஞ்சும்படி செய்திருக்கிறேன்.